வன்னியின் சிறிய அரச வைத்தியசாலைகளில் வைத்தியரும் வரவுசெலவும்: நடைமுறை எப்படி இருக்கிறது?

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளுக்கும் அவற்றைச் சூழவுள்ள சிறிய பிரதேச வைத்தியசாலைகளுக்கும் மருந்தும் பணமும் எப்படி வந்து சேர்கின்றன, அதில் வைத்தியரின் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதையே இங்கே மதிப்பிடுகிறோம். புதிதாகப் பொறுப்பேற்கும் வைத்தியர்களுக்கும், நோயாளர் நலன்புரிச் சங்கங்களில் இருக்கிற ஊரவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து விநியோக ஒழுங்கு, குறைகள் இருந்தாலும், நம்பிப் பயன்படுத்தக்கூடியது. வைத்தியர் மனம்வைத்தால் அதிலிருந்து இன்னும் நிறையப் பெறலாம். காசு ஒழுங்கைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது. எதற்குச் செலவு வேண்டும் என்று தீர்மானிக்கிற வைத்தியருக்கு, எவ்வளவு செலவாகியிருக்கிறது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கு உரிய நேரத்தில் வந்து சேருவதில்லை. மற்றக் குறைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மருந்து பொருளாக வருகிறது, மற்றவை பணமாக ஒதுக்கப்படுகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிறகு எதுவும் விளங்காது. கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு, எல்லோரும் எம்.எஸ்.டி. என்று சொல்வது, முழு நாட்டின் தேவையையும் மதிப்பிட்டு, பெரும்பாலானவற்றை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஊடாகக் கொள்வனவு செய்கிறது. மருந்து மாவட்டத்தின் பிராந்திய மருந்துக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து வைத்தியசாலைகளுக்குப் பிரிகிறது. சிறிய வைத்தியசாலையின் ஒதுக்கீட்டிலிருந்து அதன் விலை கழிக்கப்படுவதில்லை. அதனால் மருந்து எழுதுகிற வைத்தியரின் கண்ணில் விலை படுவதே இல்லை.

எரிபொருள், திருத்தவேலை, நோயாளர் உணவு, மேலதிக நேரக் கொடுப்பனவு எல்லாம் வேறு வழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. மேலே மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாவட்டத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அவருடைய பணிமனையில் கணக்காளர். 50 கட்டிலுக்குக் குறைந்த வைத்தியசாலையில் ஒரு முகாமைத்துவ உதவியாளர் இருந்தாலே பெரிய விடயம். காசோலை அங்கே எழுதப்படுவதில்லை.

அரசின் செலவு விதிகளான நிதிப் பிரமாணங்களின்படி அரச செலவொன்று நான்கு கைகளைக் கடக்கவேண்டும். அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு செய்தல். 135ஆம் பிரமாணத்தின் கீழ் இந்த அதிகாரங்கள் கீழ்நிலை உத்தியோகத்தர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. சிறிய வைத்தியசாலையின் பொறுப்பு வைத்திய அதிகாரிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றாவதுதான். பொருள் வந்தது, வேலை முடிந்தது, மேலதிக நேரம் உண்மையிலேயே செய்யப்பட்டது என்று அத்தாட்சிப்படுத்துவது. கணக்காய்வில் கேள்வி வந்தால் முதலில் பார்க்கப்படுவதும் அந்தக் கையெழுத்துத்தான். பொறுப்பு வைத்தியரிடம் இருக்கிறது, முன்கூட்டியே தடுக்கிற அதிகாரம் இல்லை. கணக்கறிக்கையும் இல்லாதபோது இது அநியாயமான ஏற்பாடு என்றே சொல்வோம்.

நல்ல பக்கத்திலிருந்து தொடங்கலாம். வைத்தியர் உண்மையாகவே பணத்தை ஆளுகிற இடம் வருடாந்த மருந்து மதிப்பீடு. அந்தப் படிவத்தை மருந்தாளரிடம் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைப்பது வழக்கமாகிவிட்ட இடங்களில் தட்டுப்பாடும் வழக்கமாகிவிடுகிறது. காரணம் எளிது. போன வருடம் எவ்வளவு கொடுத்தோமோ அதையே மதிப்பீட்டில் எழுதுகிறார்கள். கொடுத்தது வேறு, தேவைப்பட்டது வேறு.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீரிழிவுக் கிளினிக்கில் 300 பேர். சராசரியாக ஆளுக்கு நாளொன்றுக்கு 3 மெற்போமின் 500 மில்லிகிராம் குளிசை. மாதம் 27,000. வருடம் 324,000. போன வருடத்தில் இரண்டு மாதம் களஞ்சியத்தில் மெற்போமின் இல்லை. பதிவேட்டில் 270,000 மட்டும் கொடுத்ததாக இருக்கும். அதை அப்படியே எழுதினால் அடுத்த வருடமும் இரண்டு மாதத் தட்டுப்பாட்டை நாமே கேட்டு வாங்கியதாகும். சரியான முறை, கொடுத்த தொகையை மருந்து இருப்பில் இருந்த மாதங்களால் பிரித்து 12ஆல் பெருக்குவது. 270,000ஐ 10ஆல் பிரித்தால் 27,000. 12ஆல் பெருக்கினால் 324,000. இதற்கு மேலே கிளினிக்கில் வருடத்துக்கு எத்தனை புதியவர்கள் சேர்கிறார்கள் என்பதைப் பார்த்துச் சேர்க்கவேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, இறந்தவர்களையும் வேறிடம் போனவர்களையும் கழிக்காமல் விட்டால் கணக்கு மறுபக்கம் பிழைக்கும். அதனால் இரண்டையும் கிளினிக் பதிவேட்டிலிருந்தே எடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இருப்புக் குறையும்போது ஒரு மாத மருந்துக்குப் பதிலாக இரண்டு கிழமைக்குக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் தட்டுப்பாடு பதிவேட்டில் தெரியாது. மருந்து ஒருபோதும் முடியவில்லை என்றே காட்டும். ஆனால் துணுக்காய்ப் பக்கத்து உட்கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற முதியவர் மாதத்தில் இரண்டு தடவை பயணம் செய்கிறார், அல்லது இரண்டாவது தடவை வராமல் விட்டுவிடுகிறார். வராமல் விட்டவரின் குளிசை "மிச்சம்" என்று பதிவேட்டில் நிற்கும். ஆகவே அரைமாதத்துக்குக் கொடுத்த நாட்களையும் தட்டுப்பாட்டு நாட்களாகவே குறித்துவையுங்கள். இருப்பு அட்டையின் ஓரத்தில் திகதியோடு ஒரு சிவப்புக் கோடு போதும்.

மதிப்பீடு கொழும்புக்குப் போய், கேள்வி கோரி, கப்பலில் வந்து, களஞ்சியம் சேர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். இதை யாராலும் அதிகம் சுருக்கமுடியாது. ஆனால் வைத்தியர்களின் இடமாற்றச் சுழற்சியும் கிட்டத்தட்ட இதே நீளம். கையெழுத்திட்டவர் போய்விடுவார், மருந்து வரும்போது வேறொருவர் இருப்பார். தன் மதிப்பீட்டின் பலனைத் தானே பார்க்கிற வைத்தியர் வன்னியில் குறைவு. எந்த அடிப்படையில் எந்த எண்ணை எழுதினோம் என்று ஒரு பக்கக் குறிப்பு கோப்பில் இருந்தால், வருகிறவர் அதே பிழையைத் திரும்பச் செய்யமாட்டார். இந்தக் குறிப்பு எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படவேண்டும்.

எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற தீர்மானத்துக்கு மருந்துகளை மூன்றாகப் பிரிக்கிற பழைய முறையே போதும். உயிர்காக்கும் மருந்து, அத்தியாவசியம், இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடியது. இதோடு விலைப்படி ஒரு வரிசை. எந்த வைத்தியசாலையை எடுத்தாலும் மொத்தப் பெறுமதியில் முக்கால்வாசியை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து வகைகளே பிடித்துக்கொள்ளும். அந்தச் சிலவற்றை வைத்தியர் மாதாமாதம் பார்த்தால் போதும், மீதியை மருந்தாளர் பார்த்துக்கொள்வார். விலை தெரியாமல் இந்த வரிசையைப் போடமுடியாது. பெரிய வைத்தியசாலைகளையும் பிராந்தியக் களஞ்சியங்களையும் இணைக்கிற எம்.எஸ்.எம்.ஐ.எஸ். கணினி முறைமையில் அலகு விலை இருக்கிறது. முறைமை இல்லாத சிறிய இடத்து மருந்தாளர், களஞ்சியத்துக்கு மருந்து எடுக்கப் போகும்போது முதல் 30 வகைகளின் விலையை எழுதிவந்து சுவரில் ஒட்டலாம். மருந்து எழுதும் கையை இதைப்போல் மாற்றுகிற வேறொன்றை நாங்கள் அறியோம்.

வன்னியில் இந்தப் பிரிப்பின் உச்சியில் இருக்கவேண்டியது பாம்புவிச எதிர்ப்பு மருந்து. வயல் வெட்டும் காலமும் மழைக்காலமும் ஊரவர்களுக்குத் தெரியும், மதிப்பீட்டுப் படிவத்துக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து வருகிற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கானது. குழிவிரியன் கடிக்கு அதில் பலனில்லை, கொடுத்தால் ஒவ்வாமை ஆபத்தும் வீண்செலவும்தான் மிச்சம். ஒரு நோயாளிக்குத் தொடக்கமே 10 குப்பிகள், கண்ணாடி விரியன் என்றால் அதற்கும் மேல். ஆகவே 6 குப்பி வைத்திருக்கிற வைத்தியசாலை உண்மையில் ஒருவருக்கும் சிகிச்சை தொடங்கமுடியாத வைத்தியசாலை. வைத்தால் முழு அளவாக, அட்ரினலினோடும் ஒக்சிசனோடும் சேர்த்து வைக்கவேண்டும். முடியாவிட்டால் ஆதார வைத்தியசாலையில் குவித்துவைத்துவிட்டு, நோயாளர் காவுவண்டியை எந்நேரமும் தயாராக வைத்திருக்கவேண்டும். காலாவதித் திகதிக்கு மூன்று மாதம் முன்பே களஞ்சியத்துக்கு அறிவித்தால் பாவனை அதிகமான இடத்துக்கு மாற்றி, புதிய தொகுதியைப் பதிலுக்குப் பெறலாம். தொலைபேசியில் கேட்டு, மாற்றம் இரு பக்கப் பதிவேட்டிலும் ஏறினால் போதும். பிராந்திய மட்டத்தில் நன்றாக இயங்குகிற ஏற்பாடு இது, நன்றியோடு சொல்லவேண்டும்.

எழுதுகிற மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மாதக் காலத்தில் பரவலாக 100 வெளிநோயாளர் சீட்டுகளை எடுங்கள், ஒரே நாளில் எடுக்கவேண்டாம். ஒரு சீட்டுக்குச் சராசரி எத்தனை மருந்து, நூற்றில் எத்தனை சீட்டில் நுண்ணுயிர்க்கொல்லி, எத்தனை பொதுப்பெயரில் எழுதப்பட்டவை என்று எண்ணினால் இரண்டு மணிநேர வேலை. தடிமல் இருமலுக்குக் கோ அமொக்சிகிளாவ் எழுதுகிற பழக்கம் அதில் அப்படியே தெரியும். மருந்து மற்றும் சிகிச்சைக் குழு என்ற பெயரில் கூட்டம் கூட்டி, பெயர்களைச் சொல்லாமல் எண்களை மட்டும் முன்வைத்தால் வைத்தியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். எண்ணில்லாமல் "மருந்தைக் குறையுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் கோபம்தான் வரும், அதுவும் நியாயமான கோபம்.

களஞ்சியத்தில் மருந்து இல்லையென்றால் உள்ளூர்க் கொள்வனவு. இந்தச் சேவைக்கு நாங்கள் நடுத்தரமான மதிப்பே கொடுப்போம். இருப்புப் பூச்சியம் என்று மருந்தாளர் எழுதவேண்டும், களஞ்சியத்திலும் இல்லை என்ற உறுதிப்பாடு வேண்டும், அயல் வைத்தியசாலைகளில் கேட்டிருக்கவேண்டும். பிறகு வைத்தியரின் கோரிக்கை, விலைமனுக்கள், கொள்வனவுக் குழுவின் சிபாரிசு, அதிகாரமுடையவரின் அங்கீகாரம், கட்டளை, பொருள் ஏற்பு, வவுச்சர். ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்பது விளங்கும். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு அம்பலமாகி, அடுத்த வருடம் பெப்ரவரியில் கொள்வனவின்போது சுகாதார அமைச்சராக இருந்தவரே கைதுசெய்யப்பட்டதைப் பார்த்த நாடு இது. படிகளைக் குறை என்று கேட்பது சரியல்ல. படிகளில் கோப்பு தேங்குவதைத்தான் கேட்கவேண்டும்.

தேங்குவதில் பாதி வைத்தியசாலையிலேயே உண்டாகிறது. கோரிக்கையில் வணிகப்பெயர் எழுதப்பட்டிருக்கும், ஒரு நிறுவனத்துக்குச் சாதகம் என்று திரும்பிவரும். பொதுப்பெயர், வலிமை, வடிவம், பொதி அளவு ஆகிய நான்கும் எழுதவேண்டும். "அவசரம்" என்று மட்டும் எழுதாமல் எத்தனை நோயாளர், ஆளுக்கு எவ்வளவு, களஞ்சியத்துக்கு எப்போது வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, அதுவரைக்கு எத்தனை நாள் என்று எழுதினால் குழுவில் கேள்விக்கு இடமில்லை. 14 நாளைக்குத் தேவையென்றால் 14 நாளைக்கே கேளுங்கள். ஆறு மாதத்துக்கு வாங்கிவைத்து, இரண்டாம் மாதம் களஞ்சியத்தில் இலவசமாக வந்துவிட்டால் அது கணக்காய்வு வினாவாக மாறும். அதிகார எல்லைக்குள் அடங்குவதற்காக ஒரே மருந்தை மூன்று கட்டளையாகப் பிரிப்பது அதைவிடப் பெரிய பிழை, நோக்கம் நல்லதாக இருந்தாலும். உயிர் ஆபத்தில் முன்கூட்டி வாங்கவேண்டி வந்தால் அன்றைக்கே எழுத்தில் காரணத்தைப் பதிந்து, பின்னரான அங்கீகாரத்தைக் கேளுங்கள். ஒரு கிழமை கழித்து எழுதினால் அது சாக்குப்போக்காகவே வாசிக்கப்படும்.

பொருள் வந்தவுடன் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு ஆகியவற்றை மருந்தாளர் பார்த்த பிறகே வைத்தியர் ஏற்புக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, பதிவில்லாத மருந்தை ஏற்கச் சாதாரணமாக இடமில்லை. மறுபக்கத்தில், விநியோகித்தவருக்குப் பணம் போகாமல் மாதக்கணக்காகக் கிடந்தால் அடுத்த தடவை அவர் விலைமனு தரமாட்டார், தந்தாலும் விலையைக் கூட்டித் தருவார். அதனால் வவுச்சர் எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடர்வதும் வைத்தியசாலையின் வேலையாகிறது. கொழும்பிலிருந்து தூரமான மாவட்டங்களுக்கு விநியோகிப்பவர் குறைவு என்பதால் இந்த இழப்பு வன்னியில் அதிகம் உறைக்கும்.

இனிக் காசு. ஒதுக்கீடு செலவினக் குறியீடுகளாக வருகிறது. பொறுப்பேற்கிற வைத்தியர் சில இலக்கங்களை மனப்பாடம் செய்யட்டும். 1002 மேலதிக நேரமும் விடுமுறைதினக் கொடுப்பனவும், 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும், 1301 வாகனப் பராமரிப்பு, 1302 இயந்திரங்களும் கருவிகளும், 1303 கட்டிடப் பராமரிப்பு, 1403 மின்சாரமும் நீரும். இவை தனித்தனிப் பைகள். ஒன்றில் மிஞ்சியதை மற்றதற்கு எடுக்க 66ஆம் பிரமாணத்தின் கீழ் மாற்ற அங்கீகாரம் வேண்டும், பணிமனையே அதைச் செய்யும். கேட்காவிட்டால் செய்யாது. டிசம்பர் 31இல் செலவழியாதது திரும்பிப் போய்விடும். ஒதுக்கீடு இல்லாமல் கடன்பொறுப்பை ஏற்பதையும் 94ஆம் பிரமாணம் தடுக்கிறது. எனவே செப்டெம்பரில் ஒரு தடவை கணக்காளரோடு உட்கார்ந்து எது மிஞ்சும், எது போதாது என்று பார்ப்பது வருடத்தின் மிகப் பயனுள்ள ஒரு மணித்தியாலம். வருடத் தொடக்கத்திலும் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 2025க்கான வரவுசெலவுத் திட்டம் பெப்ரவரி 17இல்தான் சமர்ப்பிக்கப்பட்டது, முதல் மாதங்கள் கணக்கு வாக்கெடுப்பில், அதாவது பாராளுமன்றம் முன்கூட்டி அளிக்கிற இடைக்காலச் செலவு அனுமதியில், ஓடின. அத்தகைய வருடத்தில் புதிய வேலைகள் பிந்தித்தான் தொடங்கும்.

பைகள் தனித்தனியாக இருப்பதால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கிருமிநீக்கிக் கொதிகலன் போதும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி கசிகிறது. அழுத்தம் ஏறாது, 121 பாகையில் நிற்கவேண்டிய நேரம் நிற்காது. 1302இல் காசில்லை, அல்லது இருக்கிறதா என்று வைத்தியருக்குத் தெரியாது. காயத்துக்கு மருந்து கட்டும் கருவிப் பொதிகள் காவுவண்டியில் ஆதார வைத்தியசாலைக்குப் போய்க் கிருமிநீக்கம் செய்யப்பட்டு வருகின்றன. போகவர 80 கிலோமீற்றர் என்றும், லீற்றருக்கு 8 கிலோமீற்றர் என்றும் வைத்தால் ஒரு தடவைக்கு 10 லீற்றர். கிழமைக்கு இரண்டு தடவையென்றால் மாதம் 80 லீற்றருக்கு மேல். இது 1202இலிருந்து கேள்வியில்லாமல் போகிறது. அந்த நேரத்தில் வண்டி வைத்தியசாலையில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் இரண்டு மாத டீசலைவிட மிக மலிவு. இந்த ஒப்பீட்டை ஒரு பக்கக் கடிதமாக, லீற்றர் கணக்கோடு, ஓட்டப் பதிவேட்டின் பிரதியோடு அனுப்பினால் பணிமனையில் மறுப்பது கடினம். "கொதிகலன் பழுது, திருத்தித் தரவும்" என்ற கடிதம் கோப்பில் கிடக்கும்.

சின்னத் தேவைகளுக்கு 371ஆம் பிரமாணத்தின் உப கட்டுநிதி, அதாவது முற்பணமாக எடுத்துச் செலவழித்துப் பிறகு கணக்குக் காட்டுகிற காசு, இருக்கிறது. விடுதியின் குழாய், மின்குமிழ், பூட்டு போன்றவைக்கு நல்ல வழி, பல இடங்களில் பயந்து எடுக்காமல் விடுகிறார்கள். எடுத்த வேலை முடிந்ததும் உடனே கணக்கை ஒப்படைக்கவேண்டும், முன்னையது தீராமல் அடுத்தது கிடைக்காது. பற்றுச்சீட்டில் திகதி, வைத்தியசாலையின் பெயர், கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா, எண் அழித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

மேலதிக நேரம் வைத்தியருக்கு மனவேதனை தருகிற பகுதி. இரண்டு வைத்தியர் உள்ள இடத்தில் 24 மணிநேரச் சேவை நடக்கிறதென்றால் மேலதிக நேரம் தவிர்க்கமுடியாது. அதைக் குறைக்கவேண்டுமென்றால் ஆளணி வேண்டும், கையெழுத்து வைக்கிறவரைக் கேட்டுப் பயனில்லை. நோயாளர் உணவு வருடக் குத்தகை, கட்டில் பதிவேட்டோடு தினமும் ஒப்பிட்டுப் பார்த்தால் அதில் பெரிய சிக்கல் வருவதில்லை.

நன்கொடை வன்னிக்கே உரிய விடயம். புலம்பெயர்ந்த உறவுகள் மனமுவந்து தருகிற கருவிகளால் பல வைத்தியசாலைகள் நிமிர்ந்திருக்கின்றன. அதே அளவுக்கு, பாவிக்கப்படாமல் மூலையில் துணிபோட்டு மூடிய கருவிகளும் இருக்கின்றன. பெரும்பாலும் இரத்தப் பரிசோதனைக் கருவிகள். அந்தந்த நிறுவனத்தின் இரசாயனம் மட்டுமே பொருந்தும், அது வருடத்துக்கு எவ்வளவு என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தருகிறேன் என்று அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்வதற்கு முன் கேட்கவேண்டியவை: இலங்கையில் முகவர் இருக்கிறாரா, 230 வோல்ற்றில் ஓடுமா, மூன்று வருட இரசாயனமும் தேய்பாகமும் சேர்த்துத் தருவீர்களா, அதற்கான தொழில்நுட்பவியலாளர் எங்களிடம் இருக்கிறாரா. நான்கில் இரண்டுக்கு இல்லை என்று பதில் வந்தால், அதே பணத்தில் மின்தடையில் இன்சுலினைக் காக்கிற 2 தொடக்கம் 8 பாகைக் குளிர்சாதனப் பெட்டியையும் அதற்கு மின்வழங்கல் ஏற்பாட்டையும் கேளுங்கள். வாங்கியதும் பொருட் பதிவேட்டில் ஏற்றவேண்டும். ஏற்றாத கருவிக்குத் திருத்தக் காசும் கேட்கமுடியாது, பழுதானால் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக் குழுவின் மூலம் கழிக்கவும் முடியாது.

வைத்தியரிடம் பணப்பொறுப்பைக் கொடுப்பது புதிய யோசனை இல்லை. பிரித்தானியாவில் 1983இல் வெளியான கிரிபித்ஸ் அறிக்கை, வளங்களைச் செலவழிப்பது வைத்தியர்களின் தீர்மானங்களே என்பதால் அவர்கள் முகாமைத்துவத்திலும் வரவுசெலவிலும் பங்கெடுக்கவேண்டும் என்றது. 1991இல் அங்கே குடும்ப வைத்தியர்கள் விரும்பினால் தம் நோயாளருக்கான நிதியைத் தாமே வைத்துச் சேவை வாங்கலாம் என்ற முறை வந்தது, 1999இல் நிறுத்தப்பட்டது. பிறகு 2013இல் வைத்தியர்கள் தலைமையிலான கொள்வனவுக் குழுக்கள், அவையும் 2022இல் கலைக்கப்பட்டன. நிதியை வைத்திருந்த வைத்தியர்கள் மருந்துச் செலவில் கவனமானார்கள், பேரம்பேசும் வலு பெற்றார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் எழுதுவினைஞரும் கணக்காளரும் தேவைப்பட, நிர்வாகச் செலவு கூடியது. முல்லைத்தீவின் ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு அந்த முறையை அப்படியே தூக்கிவந்தால் இருக்கிற ஒரு வைத்தியரும் கோப்போடு உட்கார்ந்துவிடுவார், வெளிநோயாளர் வரிசை வாசலுக்கு வெளியே நீளும். எங்களுக்கு வேண்டியது அதைவிடச் சிறியது. பணத்தைக் கணக்காளரே வைத்திருக்கட்டும். மாதத்தின் 10ஆம் திகதிக்குள் ஒவ்வொரு குறியீட்டிலும் ஒதுக்கீடு, செலவு, கட்டுப்பட்ட தொகை (கட்டளையிட்டு இன்னும் கொடுபடாதது), மிச்சம் என்று நான்கு நிரலில் ஒரு தாள் வைத்தியசாலைக்கு வரவேண்டும். 1302க்கும் 1303க்கும் பொறுப்பு வைத்தியரே அங்கீகரிக்கக்கூடிய ஒரு சிறு எல்லை வேண்டும். மூன்று நான்கு வைத்தியசாலைகளுக்குப் பொதுவாக, கிழமைக்கு ஒரு நாள் வந்து போகிற கணக்குத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும்.

பயிற்சியின் குறையும் இதில் சேர்கிறது. மருத்துவ நிர்வாகத்தில் பட்டப்பின் கற்கை கொழும்பில் இருக்கிறது, அதை முடித்தவர்கள் பெரிய வைத்தியசாலைகளுக்கும் பணிமனைகளுக்கும் போகிறார்கள். சிறிய வைத்தியசாலையைப் பொறுப்பேற்பவர், உள்ளகப் பயிற்சி முடித்துச் சில வருடமே ஆன வைத்தியர். நிதிப் பிரமாணத்தை அவர் முதன்முதலில் படிப்பது பெரும்பாலும் கணக்காய்வு வினா கையில் வந்த பிறகு. பொறுப்பேற்ற முதல் மாதத்தில் பிராந்தியப் பணிமனையில் இரண்டு நாள், ஒரு நாள் கணக்குக் கிளையிலும் ஒரு நாள் மருந்துக் களஞ்சியத்திலும் உட்காரவைத்தால் இந்த இடைவெளியில் பெரும்பகுதி அடைபடும். செலவு, இரண்டு நாள் பதில் வைத்தியர்.

பொறுப்பேற்கிறவர் முன்னவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டியவை: தீராத வவுச்சர்களின் பட்டியல், ஒப்படைக்காத கட்டுநிதி, பதிலளிக்காத கணக்காய்வு வினாக்கள், மதிப்பீட்டின் அடிப்படைக் குறிப்பு, ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகள், பதிவேட்டில் இருந்து கையில் இல்லாத பொருட்கள். கடைசியது இருந்தால் ஏற்புக் கையெழுத்துக்கு முன்பே பணிமனைக்கு எழுதிவிடுங்கள், பிறகு எழுதினால் இழப்பு உங்கள் காலத்துடையதாகிவிடும்.

நலன்புரிச் சங்கத்தவர்கள் மாதக் கூட்டத்தில் கட்டிடத்தையும் பெயிண்டையும் பற்றி அதிகம் பேசுகிறார்கள். அதே கூட்டத்தில் மூன்று எண்களைக் கேளுங்கள். போன மாதம் எத்தனை நாள் எந்த உயிர்காக்கும் மருந்து இருப்பில் இல்லை, எத்தனை கிளினிக் நோயாளருக்கு அரைமாத மருந்து கொடுக்கப்பட்டது, 1302இல் எவ்வளவு மிச்சம். பொறுப்பு வைத்தியரிடம் முதலிரண்டுக்கும் பதில் இருக்கும். மூன்றாவதுக்கு இல்லையென்றால், அந்தத் தாளை மாதாமாதம் தரும்படி கேட்டுப் பிராந்தியப் பணிப்பாளருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, பிரதியை மாகாணப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள்.